அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 26 வயது. அண்ணன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்றார்கள். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்வான். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பான். இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, மாமாவின் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறான். எனக்கு வந்த ஒரு வரன், “ரத்தத்திலேயே இருக்கும்” என்று தட்டிப்போய்விட்டது. அம்மா வளர்த்த லட்சணம்தான் காரணம் என்கிறார் அத்தை. எனக்கும் வருமா? என் பிள்ளைக்கு? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: முதலில் அத்தையின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். லியோனார்டு ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் செய்த ஆய்வு ஒன்று 1966-ல் வெளியானது. மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, சில நாட்களுக்குள்ளேயே பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிப் பிடித்தார். பெரியவர்களான பின் அவர்களில் 5 பேருக்கு அதே நோய். நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து, அதே போலப் பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 5 பேரும் பெற்றவள் கையால் ஒரு வாய் சோறு தின்றவர்கள் இல்லை. அப்புறம் எங்கே வந்தது வளர்ப்பு? உங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

“அப்போ ரத்தம்தானே?” என்று அத்தை உடனே கட்சி மாறுவார். சரி, அதே கணக்கை மறுபடி பாருங்கள். 47 பேரில் 42 பேருக்கு வரவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்; இன்னும் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே மரபணுக்கள். பரம்பரையாக வருவது நோய்க்கு இடம் கொடுக்கும் தன்மை மட்டும்தான்.

பொதுவாக 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் கொஞ்சம் குறைவாகவோ இந்த நோய் வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அது சுமார் 9 ஆகிறது. நோயுள்ள தாய்மாமன் இருக்கும் பிள்ளைக்கு, அதாவது நாளைக்கு உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு, 3 அல்லது 4. நீங்கள் 26 வயதுவரை நன்றாக இருக்கிறீர்கள் என்பதால் அந்த 9-ல் ஒரு பகுதியைத் தாண்டியே விட்டீர்கள். முழுவதும் தாண்டியாயிற்று என்று சொல்ல மாட்டேன்; பெண்களுக்கு முப்பதை ஒட்டியும் தொடங்குவது உண்டு.

ரத்தப் பரிசோதனை பலன் தராது. 2022-ல் வெளியான பெரிய ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ளதாக மரபுத் தொகுதியில் 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அவற்றில் பல என்னிடமும் இருக்கும், அந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் இருக்கும். எச்சிலைக் குழாயில் வாங்கிக்கொண்டு எதிர்காலம் சொல்லும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுவையுங்கள்: அண்ணனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறோ மேல்வாயில் பிளவோ இருந்ததா? 22-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களுக்கு இவை இருப்பது உண்டு; அவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இத்தகைய மனநோய் வருகிறது. அப்படி இருந்தால் அண்ணனுக்குப் பரிசோதனை செய்வதில் அர்த்தம் உண்டு. அவரைப் பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த வரனிடம் மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிவிட்டு என்னிடம் வரும் தம்பதிகள் மறைத்ததற்காகத்தான் சண்டை போடுகிறார்கள், நோய் அதில் இரண்டாம்பட்சம். அண்ணன் கடையில் கணக்கு எழுதுவதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மனச்சிதைவு. எனக்கு 19 வயது. விட்டமின் பி3 சாப்பிட்டால் எனக்கு வராமல் தடுக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கலாமா?
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: வேண்டாம் தம்பி. சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. உடல் பி3-ஐப் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை அது சுட்டிக்காட்டியது. மாத்திரை போட்டால் நோய் வராது என்று அதில் இல்லை. அளவு மீறினால் பி3 கல்லீரலைக் கெடுக்கும்.

உங்கள் கையில் இருப்பது வேறு. ஸ்வீடனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987-ல் வெளியிட்டார்கள்: 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு, பிடிக்காதவர்களைப் போல ஆறு மடங்கு இந்த நோய் வந்திருந்தது. ஹாஸ்டலில் யார் நீட்டினாலும் தொடாதீர்கள். தூக்கம் கெட்டு, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணம் விடாமல் துரத்தினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.