வலிப்பு நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வலிப்பு நோய்க்காக எங்கள் நாய்க்குப் பீனோபார்பிட்டால் கொடுக்கிறோம். ஆறு மாதமாக ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. ஆனால் எந்நேரமும் தின்ன அலைகிறது, தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது. குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தலாமா? அது மூளையில் என்னதான் செய்கிறது?
– வாசகி ஒருவர்

பதில்: நிறுத்தாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

கால்நடை மருத்துவம் படித்தபோது, மருந்தியல் செய்முறை வகுப்பில் இரண்டு சுண்டெலிகளுக்கு, வலிப்பை வரவழைக்கும் பென்டிலின்டெட்ரசால் என்ற மருந்தை ஊசி போட்டார்கள். ஒன்றின் காதுகள் துடித்தன, தலை வெட்டியது, பிறகு கால்களை உதறிக்கொண்டு சாய்ந்தது. முன்கூட்டியே பீனோபார்பிட்டால் பெற்றிருந்த மற்றொன்றோ, லேசாகத் தள்ளாடியபடி முன்னங்கால்களால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பாடம் இறங்கிவிட்டது.

மூளையில் நரம்பணுக்களைக் கிளப்பிவிடுவது குளுட்டமேட் என்ற வேதிப்பொருள், அடக்குவது காபா என்ற வேதிப்பொருள். காபா வந்து ஒட்டினால் நரம்பணுவின் சுவரில் ஒரு வாசல் திறக்கும், குளோரைடு உள்ளே போகும், நரம்பணு அடங்கும். பென்டிலின்டெட்ரசால் அந்த வாசலை அடைக்கிறது. பீனோபார்பிட்டால் அதைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அவசரத்துக்கு நாங்கள் கொடுக்கும் டயசிபாம் அதை அடிக்கடி திறக்க வைக்கிறது. வலிப்பின் மூலகாரணத்தை இவை எதுவும் தொடுவதில்லை.

ஆறு மாதத்தில் மூளை இந்த மருந்துக்குப் பழகியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். மாத்திரை தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்த ஒருவர், ஞாயிறு நள்ளிரவில் நாயைப் போர்வையில் சுருட்டித் தூக்கி வந்தார். பிழைத்தது, ஆனால் விடியும்வரை யாரும் உட்காரவில்லை.

ஓராண்டுக்கு மேலாவது வலிப்பில்லாமல் இருந்தால்தான் குறைப்பது பற்றி யோசிப்போம். அதுவும் மாதக்கணக்கில், சிறிது சிறிதாக.

பசியும் தாகமும் மருந்தின் வேலைதான். கெஞ்சும் கண்களுக்கு இரங்காமல் உணவை அளந்து வையுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலையும் சோதிக்க வேண்டும். பிற்பாடு பொட்டாசியம் புரோமைடு என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்தால், உணவில் உப்பை ஒரே அளவாக வையுங்கள். உப்பு கூடினால் புரோமைடு சிறுநீரில் வேகமாக வெளியேறிவிடும். பூனை வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் புரோமைடைத் தொடவே கூடாது. பூனையின் நுரையீரலுக்கு அது ஆகாது.

மறுபடி வலிப்பு வந்தால் வாயில் கை வைக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.