பண்ணை விளைச்சல் உணவகத்தில் நிலைத்து நிற்க என்ன வழி?

கேள்வி: என் பண்ணையில் விருந்தினர் தங்கும் வசதி நடத்துகிறேன். சுற்றியுள்ள சிறு பண்ணைகளின் விளைச்சலை, கிளைகள் இல்லாமல் உரிமையாளரே நடத்தும் சிறு உணவகங்களுக்குக் கொண்டுசேர்க்க முயல்கிறேன். அவர்கள் ஆர்வமாகத் தொடங்கி, சில வாரங்களில் மொத்த வியாபாரியிடமே திரும்பிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: விலை அதிகம் என்பதால்தான் அவர்கள் விலகுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும், பெரும்பாலும் காரணம் அதுவன்று. மொத்த வியாபாரி இரவில் ஆர்டர் எடுத்துக் காலையில் சரக்கை இறக்குகிறார், ஒன்று குறைந்தால் வேறிடத்தில் வாங்கி ஈடுசெய்கிறார், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில் தருகிறார். ஒரு சிறு பண்ணையால் தனித்து நின்று இவற்றைச் செய்ய இயலாது. எனவே உள்ளூர் விளைச்சலுக்காக மேடைகளில் பேசுவதைவிட, இந்த இடைவெளியை நீங்கள் நிரப்புவதே அதற்குச் செய்யும் பெரிய உதவி.

வாரத்துக்கு இரு முறை, எந்தப் பண்ணையில் எது, எவ்வளவு, எந்தத் தரத்தில் கிடைக்கும் என்ற பட்டியலைச் சமையலறைப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். கீரையைக் கட்டுக் கணக்கில் எழுத வேண்டாம். கட்டின் பருமன் பண்ணைக்குப் பண்ணை மாறும். கிலோவில் எழுதி, வேரும் முற்றிய தண்டும் போக எவ்வளவு தேறும் என்பதையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக் குறிப்பிட்டால், அவர் தன் அடக்கவிலையைச் சரியாகப் போட முடியும். தக்காளியில் வெடித்ததையும் வடிவம் கோணியதையும் இரண்டாம் ரகமாகப் பிரித்துக் குறைந்த விலைக்குக் கொடுங்கள். அரைத்துச் சமைப்பதற்கு அதுவே போதும், விவசாயிக்கும் முழு அறுவடையும் விலைபோகும். வரத்துக் குறையப்போகிறது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறைவை ஒரு சமையலறை பொறுத்துக்கொள்ளும். கடைசி நேரத்தில் தெரியவரும் குறைவைப் பொறுத்துக்கொள்ளாது.

சரக்கைக் கொண்டுபோகும்போது, பழுத்த தக்காளியையும் கீரையையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். தக்காளி வெளிவிடும் எத்திலீன் வாயுவால் இலை விரைவில் மஞ்சளாகும். கீரையை வெயில் ஏறுமுன் அறுத்து உடனே குளிர்விக்க வேண்டும், ஆனால் தக்காளியை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்தால் சுவையும் மணமும் கெடும். இதனால் கெட்ட சரக்குக்கும் பழி பண்ணையின் மேல்தான் விழும். மதிய உணவு நெரிசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

உணவகமும் சற்று வளைந்துகொடுக்க வேண்டும். அமெரிக்கச் சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தொடங்கிய ஷே பானீஸ் உணவகம், கிடைக்கும் விளைபொருளுக்கேற்ப மெனுவை அன்றாடம் மாற்றிப் பெயர் பெற்றது. எல்லாரிடமும் அதைக் கேட்க முடியாது. மெனுவில் ஒரே ஓர் உணவை மட்டும் அன்று வரும் சரக்கைப் பொறுத்து அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஓர் இடம் நிலைத்தால் அடுத்ததைப் பேசலாம்.

விருந்தினர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பண்ணைச் சுற்றுலாவுக்கென 1985இலேயே சட்டம் இயற்றிய இத்தாலி, அதற்குப் பதிலாக 2006இல் கொண்டுவந்த சட்டத்தில், விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும் என்று விதித்தது. தங்குவோரும் உண்போரும் பத்துப் பேருக்கு மிகாதவரை விவசாயமே முதன்மையாகக் கருதப்படும். உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் அளவுகோல் பொருந்தும். அறுவடை நாளில் வருவோரை வரவேற்க விவசாயியை வயலிலிருந்து அழைத்தால், அன்று உணவகத்துக்குப் போகவேண்டிய சரக்கு தாமதமாகும். ஆகவே பண்ணை பார்க்கும் நாளையும் அறுவடை நாளையும் பிரித்துவையுங்கள். கால்நடைகளைத் தொட்டவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், சோப்பால் கைகழுவிய பின்னரே உண்ண வேண்டும் என்பதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள்.

பண்ணையைக் காலையில் பார்த்தவர்களை மாலையில் அதே விளைச்சலைச் சமைக்கும் உணவகத்துக்கு அனுப்புவது நல்ல யோசனைதான். ஆனால் மெனுவில் பண்ணையின் பெயரைப் போடுவதற்குமுன், அந்தச் சரக்கு வராத நாளில் பெயரை யார் நீக்குவது என்பதை உரிமையாளருடன் எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள். இப்படி ஒப்புக்கொள்ளாத உணவகத்துக்கு விருந்தினரை அனுப்புவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.