இரண்டிலும் 32 கோர்: கூடுதல் விலை எதற்கு?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு ஒற்றைச் செயலி கொண்ட சர்வர் ஒன்றை வாங்க இருக்கிறோம். ஏறத்தாழ 25 மெய்நிகர் கணினிகளும் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் பிரித்து இயக்கப்படும் கணினிகள்), கோர் (செயலிக்குள் தனித்தனியே கணிக்கும் பகுதி) கணக்கில் உரிமக் கட்டணம் வாங்கும் ஒரு தரவுத்தளமும் அதில் இயங்க வேண்டும். ஏஎம்டி எபிக் 9354, இன்டெல் ஸியான் கோல்டு 6430 ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டிலும் 32 கோர், 64 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழை, கோருக்கு இரண்டு). ஆனால் முன்னதன் பட்டியல் விலை ஆயிரம் டாலருக்கு மேல் அதிகம். அதைக் கொடுப்பதில் பொருளுண்டா?

பதில்: கோர்களின் எண்ணிக்கை எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, ஒவ்வொருவரும் எவ்வளவு விரைவாகச் செய்கிறார்கள் என்பதையோ, அவர்களுக்கு வேண்டிய பொருள் கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையோ சொல்லாது. இவ்விரு செயலிகளும் வேறுபடுவது அங்கேதான்.

2022 நவம்பரில் வெளிவந்த எபிக் 9354, ஜென் 4 என்ற கோர் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதன் அடிப்படை வேகம் 3.25 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 3.8. 2023 ஜனவரியில் வெளிவந்த ஸியான் 6430 செயலிக்கு இவை முறையே 2.1, 3.4. விளம்பரங்கள் உச்ச வேகத்தையே பெரிதாக அச்சிடுகின்றன. ஆனால் 25 மெய்நிகர் கணினிகள் ஒருசேர உழைக்கும் சர்வரில் எல்லா கோர்களும் உச்சத்தில் நிற்பதில்லை. இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கோதான் நிற்கும். ஆகவே அடித்தளம் எங்கே இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். மின் திறன் வரம்பு எபிக்குக்கு 280 வாட், ஸியானுக்கு 270 வாட். பத்து வாட் வேறுபாட்டுக்காகத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது மூன்றாம் நிலைக் கேச், அதாவது கோர்களுக்கு அடிக்கடி வேண்டிய தரவைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும் விரைவான சிறு நினைவகம். எபிக்கில் 256 மெகாபைட், ஸியானில் 60 மெகாபைட். இதை அப்படியே நான்கு மடங்கு என்று எடுத்துக்கொள்வது சரியன்று. எபிக்கின் 256 மெகாபைட் ஒரே குளமாக இல்லை. எட்டுச் சில்லுகளில், சில்லுக்கு 32 மெகாபைட்டாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு சில்லிலும் நான்கு கோர்கள் இயங்குகின்றன. எட்டு த்ரெட்டுக்குள் அடங்கும் மெய்நிகர் கணினியை ஒரே சில்லில் வைத்துவிட்டால், அதற்கு 32 மெகாபைட் கேச் பக்கத்திலேயே கிடைக்கும். அதைவிடப் பெரிய மெய்நிகர் கணினி இரண்டு, மூன்று சில்லுகளில் பரவும்போது, ஒரு சில்லின் கேச்சில் உள்ள தரவை இன்னொரு சில்லிலிருந்து எட்டச் சற்றுத் தாமதமாகும். ஸியானின் 60 மெகாபைட் அளவில் சிறியதே ஆனாலும் 32 கோர்களுக்கும் பொதுவானது. சிறியதும் நடுத்தரமானதுமாகப் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டப்போகும் உங்களுக்கு எபிக்கின் அமைப்பு வாகாகப் பொருந்துகிறது.

நினைவகத்திலும் இடைவெளி பெரிது. எபிக்கில் டிடிஆர்5-4800 வேகத்தில் 12 சேனல்கள் (செயலியையும் ராமையும் இணைக்கும் பாதைகள்). ஸியான் 6430 செயலியில் டிடிஆர்5-4400 வேகத்தில் 8 சேனல்கள். ஏட்டுக் கணக்கில் முன்னது நொடிக்கு 460.8 கிகாபைட்டும் பின்னது 281.6 கிகாபைட்டும் கடத்தக்கூடியவை. ஆனால் 12 சேனல்களிலும் ராம் பட்டைகளைச் செருகினால்தான் அந்த முழு அளவு கிடைக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 32 கிகாபைட் பட்டைகள் என்றால் எபிக்குக்கு 384, ஸியானுக்கு 256 கிகாபைட் வாங்க நேரும். அந்தச் செலவு செயலியின் விலைப்பட்டியலில் தெரியாது. 256 போதுமென்று எபிக்கில் எட்டுப் பட்டைகளை மட்டும் பொருத்தினாலும் 307.2 கிகாபைட் கிடைக்கும், அதாவது ஸியானின் முழு அளவைவிடக் கூடுதல்.

வட்டுகளையும் அட்டைகளையும் செயலியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 தடங்கள் எபிக்கில் 128, ஸியானில் 80. இத்தடங்களில் நேரடியாக இணையும் என்விஎம்இ என்ற அதிவேக வட்டு ஒன்றுக்கு நான்கு தடம் வீதம் 24 வட்டுகளுக்கு 96 தடங்கள் தேவைப்படும் என்பதால், ஒற்றைச் செயலியில் எபிக் மட்டுமே இடையில் தடங்களைப் பகிர்ந்தளிக்கும் ஸ்விட்ச் எதுவுமின்றி அவற்றைத் தாங்கும். இரட்டைச் செயலி சர்வர்களில் இந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இரண்டு எபிக்குகள் தமக்குள் பேசிக்கொள்ளவே தம் தடங்களில் ஒரு பகுதியைச் செலவிடுகின்றன.

இனி விலை. அறிமுகத்தின்போது பட்டியல் விலை எபிக் 9354 செயலிக்கு 3,420 டாலர், ஸியான் 6430 செயலிக்கு 2,128 டாலர். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒற்றைச் செயலி சர்வர். அதற்கென்றே 9354பி என்றொரு வகை உண்டு. இரட்டையாகப் பொருத்த முடியாது என்பதைத் தவிர வேறு குறை எதுவும் அதற்கில்லை. அதன் பட்டியல் விலை 2,730 டாலர். வேறுபாடு 602 டாலராகச் சுருங்கிவிடுகிறது. அதை ஏன் உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

தரவுத்தள உரிமம் கோர் கணக்கில் என்கிறீர்கள். இரண்டிலும் 32 கோர் என்பதால் கட்டணம் ஒன்றே. அப்படியானால் ஒவ்வொரு உரிமத்துக்கும் அதிக வேலையை வாங்கித் தரும் வேகமான கோரே சிக்கனமானது. வணிகத் தரவுத்தளங்களின் உரிமத்தோடு ஒப்பிட்டால் செயலியின் விலை சிறு தொகை. யானைக்குக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். தரவுத்தளத்தைத் தனிச் சர்வரில் வைக்க முடியுமானால், 16 கோர்களும் 4.1 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமும் அதே 256 மெகாபைட் கேச்சும் கொண்ட எபிக் 9174எஃப் செயலியையும் எண்ணிப்பாருங்கள். உரிமம் பாதியாகும்.

கேள்வி: படங்களை வகைப்படுத்தும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியை, கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் செயலியிலேயே ஓட்டுகிறோம். எங்களுக்கும் எபிக்தான் ஏற்றதா?

பதில்: இங்கே தராசு ஸியான் பக்கம் சாய்கிறது. ஸியான் 6430 செயலியின் ஒவ்வொரு கோரிலும் ஏஎம்எக்ஸ் என்ற அணிப்பெருக்கல் பகுதி உள்ளது; இத்தகைய மாதிரிகளின் முதன்மையான கணக்கு அணிப்பெருக்கல்தான். 8 பிட் முழுவெண் கணக்கில் அது ஒரு கடிகாரச் சுழற்சியில் 2,048 செயல்களைச் செய்யக்கூடியது; அதே கோரில் ஏவிஎக்ஸ்-512 என்ற பழைய கட்டளைத் தொகுதியின் வழியில் இது 256. ஜென் 4 கோர்களிலும் ஏவிஎக்ஸ்-512 உண்டு, ஏஎம்எக்ஸ் இல்லை. இந்த ஆற்றல் தானாகக் கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் 5.16 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். மாதிரியை 8 பிட்டுக்கோ பிஎஃப்16 என்ற 16 பிட் வடிவத்துக்கோ மாற்றியிருக்க வேண்டும். 32 பிட் வடிவத்தில் அப்படியே ஓட்டுவீர்களானால் ஏஎம்எக்ஸ் சும்மாதான் இருக்கும்.

கேள்வி: ஏற்கெனவே நான்கு ஸியான் சர்வர்கள் ஒரே தொகுப்பில் இயங்குகின்றன. ஐந்தாவதாக ஒரு எபிக்கைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல் ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் செயலியிலிருந்து மற்றதற்கு இடம்பெயர்ப்பது வழக்கமான ஹைப்பர்வைசர்களில் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) நடவாது, அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பராமரிப்புக்காக ஒரு சர்வரைக் காலிசெய்யும் இரவில்தான் இதன் வலி தெரியும். உங்கள் நிலையில் நான் ஸியானையே வாங்குவேன்.

கேள்வி: செயல்திறன் சோதனை மதிப்பெண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன?

பதில்: கணினிச் செயல்திறன் சோதனைகளை வகுக்கும் ஸ்பெக் அமைப்பு வெளியிடும் முடிவுகள் முழுச் சர்வரையும் விவரிப்பதால் அவற்றுக்கு மதிப்புண்டு. இருந்தாலும், இன்டெல்லின் கம்பைலர் (நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) ஒரு குறிப்பிட்ட சோதனைக்கென்றே செய்திருந்த சீரமைப்பைக் காரணம் காட்டி, 2,600 முடிவுகளுக்கு மேல் செல்லாதவை என்று அதே அமைப்பு 2024 பிப்ரவரியில் அறிவித்ததையும் நினைவில் வைக்க வேண்டும். உங்கள் சொந்தத் தரவுத்தளத்தின் ஒரு நாள் வேலையை இரவல் சர்வரில் ஓட்டிப்பார்ப்பது அதைவிட நம்பகமானது.

கேள்வி: 6430 வாங்குவதென்று தீர்மானித்துவிட்டோம். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: கையெழுத்திடும் முன் அதே ஸியான் கோல்டு வரிசையின் 6530 கிடைக்குமா என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் வந்த அதிலும் அதே 32 கோர், அதே 270 வாட், அதே 2,128 டாலர் பட்டியல் விலை. கேச் மட்டும் 60 மெகாபைட்டிலிருந்து 160 ஆகிறது; நினைவக வேகம் 4800, உச்ச வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ். செயலியைப் பொருத்தும் சாக்கெட்டும் மாறவில்லை, ஆதலால் 6430 செயலிக்கென்று குறித்து வைத்த சர்வரிலேயே, அதன் பயாஸ் (சர்வரைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) பதிப்பு புதிய செயலியை ஏற்குமா என்று உறுதிசெய்துகொண்டு, பொருத்தச் சொல்லலாம்.