சிங்கப்பூரில் வாடகை வீடு: பணம் கைமாறும் முன்

கேள்வி: எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வேலை அனுமதிக்கு) ஒப்புதல் வந்துவிட்டது, அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறேன். இங்கிருந்தே வீடு பேசி முன்பணம் அனுப்பலாமா? வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட் வீடியோ எல்லாம் காட்டினார். (வாசகர், கோவை)

பதில்: அனுப்பாதீர்கள். அங்கே வீட்டு ஏஜென்ட் ஒவ்வொருவரும் சி.இ.ஏ எனப்படும் சொத்து முகவர்கள் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பெயரையோ, 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையோ போட்டுப் பாருங்கள். பெயர் சரியாக இருப்பது மட்டும் போதாது. ஏமாற்றுகிறவர்கள் நிஜமான ஏஜென்ட் ஒருவரின் பெயரையும் அட்டையையும்தான் எடுத்து வைத்திருப்பார்கள். உங்களோடு பேசும் கைபேசி எண் பதிவேட்டில் இருக்கிறதா என்பதே சோதனை. இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். "பணம் போட்டால்தான் வீட்டைக் காட்டுவேன்" என்றாலும் அப்படித்தான். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடு என்றால், வாடகைப் பணத்தை ஏஜென்ட் தன் கையில் வாங்கவே கூடாது. நேரே உரிமையாளர் கணக்குக்குப் போக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஹோட்டலோ சர்வீஸ் அபார்ட்மென்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள். "ஒரு மாதத்துக்கு மட்டும் வீடு" என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தனியார் வீட்டைத் தொடர்ந்து 3 மாதத்துக்குக் குறைவாகவும், வீவக வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராது.

கேள்வி: இரண்டு வருட ஒப்பந்தம், மாத வாடகை 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? நடுவில் வேலை போனால் என்ன ஆகும்? (வாசகி, திருச்சி)

பதில்: நம் ஊர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் கிடையாது. வருடத்துக்கு ஒரு மாத வாடகை வைப்புத்தொகை என்பது வழக்கம். இரண்டு வருடத்துக்கு 6,000 வெள்ளி. முதல் மாத வாடகை 3,000. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம்: 24 மாதத்துக்கு 72,000, அதில் 288 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் கட்ட வேண்டும். வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது என்பதால் இந்த 288 வெள்ளியில் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்களுக்கென்று தனி ஏஜென்ட் வைத்தால் அவர் கமிஷனும் உண்டு. அதற்கு நிர்ணயித்த விகிதம் எதுவும் கிடையாது, பேசிக்கொள்வதுதான்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று ஒரு கடிதம் வரும், வீட்டை எடுக்க விரும்புவதாக நீங்கள் கையெழுத்திடுவது. கூடவே ஒரு மாத வாடகையும் கேட்பார்கள். பலரும் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பேரம் பேசுவதற்கான இடமே இதுதான். மெத்தை மாற்ற வேண்டும், ஏர்கான் சர்வீஸ் செய்து தர வேண்டும் என்பதையெல்லாம் இதில் எழுதுங்கள். உரிமையாளர் கையெழுத்திட்ட பிறகு நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும்.

வேலை போனால் காப்பாற்றுவது ஒப்பந்தத்தில் உள்ள 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற பிரிவு. பெயரைப் பார்த்துத் தூதரக ஆட்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேலை இழந்தாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, 12 மாதம் குடியிருந்த பின் 2 மாத முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்பது வழக்கமான வாசகம். ஆக, 14 மாத வாடகை நிச்சயம். நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். இதோடு ஒட்டி இன்னொரு வாசகம் இருக்கும்: உரிமையாளர் தன் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கமிஷனில் மீதி மாதங்களுக்கான பங்கை நீங்கள் திருப்ப வேண்டும். கமிஷன் 3,000 என்றால், 14ஆம் மாதம் கிளம்பும்போது மீதி 10 மாதத்துக்கு 1,250 வெள்ளி. ஒரு வருட ஒப்பந்தத்தில் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து வீவக வீடு எடுக்கலாமா? ஹாலிலும் ஒருவர் தங்கினால் வாடகை குறையுமே? (வாசகர், மதுரை)

பதில்: சேர்ந்து எடுக்கலாம், ஹாலை அறையாக்க முடியாது. படுக்கையறையாகக் கட்டப்பட்டதை மட்டுமே வாடகைக்கு விடலாம். மூவறை வீட்டில் 6 பேர் உச்சவரம்பு. நாலறையும் அதற்கு மேலும் என்றால், 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 பேர் வரை அனுமதி. அங்கே 'மூவறை' என்றால் ஹாலையும் சேர்த்து எண்ணுவது, படுக்கையறை இரண்டுதான்! ஒவ்வொருவரின் பாஸும் விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

முழு வீடு எடுப்பதானால், மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு வட்டாரத்தில் 8 சதவீதம், புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 11 சதவீதம் என்ற வரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் உரிமையாளர் விரும்பினாலும் கழகம் அனுமதிக்காது. அறை மட்டும் எடுப்பவர்களை இது தொடாது. குடியேறும் முன் கழகத்தின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் பிறகு" என்று இழுத்தால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: வாடகை விளம்பரங்களில் 'லைட் குக்கிங்' (லேசான சமையல்) மட்டும் என்கிறார்களே, அப்படியென்றால்? (வாசகி, சேலம்)

பதில்: ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு நூடுல்ஸ் கொதிக்க வைப்பது, சிலருக்குப் பொரிக்காமல் இருந்தால் சரி. தாளிப்பு, குக்கர், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வைப்புத்தொகை முழுதாகத் திரும்புமா? (வாசகர், நெல்லை)

பதில்: சாவி வாங்கும் நாளில் எடுக்கும் படங்களைப் பொறுத்தது. சுவர்க் கீறல், குளியலறை ஓட்டை, தரைப் பலகையின் உப்பல் என எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஏர்கானை 3 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்லி ஒப்பந்தத்தில் இருக்கும்; ரசீது இல்லாவிட்டால் பிடித்தம் அங்கேதான் விழும். கடைசி மாத வாடகையை வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், அது ஒப்பந்த மீறல். நியாயமில்லாமல் பிடித்தால், 2 வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, வக்கீல் இல்லாமலே. நாடு திரும்பிய பின் இதை நடத்துவது சிரமம் என்பதால், சாவி ஒப்படைப்பை விமானத்துக்கு முந்தின நாளில் வைக்காமல் ஒரு வாரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.