எமிக்ரேட்டா, இமிக்ரேட்டா?

மெல்போர்னுக்கு வந்து ஒரு மாதமான கோபிச்செட்டிபாளையத்துத் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, வேலை விண்ணப்பத்துல என்னைப் பத்தி நாலு வரி எழுதோணும். எமிக்ரேட், இமிக்ரேட் ரெண்டுல எதைப் போடறதுங்க?"

தம்பி, இதற்கு விடை நம்ம ஊர்ப் பேச்சிலேயே இருக்குங்க. தேனிப் பக்கமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒருத்தர் வந்தால் நாம் 'பொழைக்க வந்தவரு' என்கிறோம். அவருடைய ஊரில் 'பொழைக்கப் போனவரு' என்பார்கள். ஆள் ஒருத்தர்தான், சொல்கிறவர் உட்கார்ந்திருக்கும் திண்ணைதான் வேறு. ஊரை விட்டுக் கிளம்புவது எமிக்ரேட், வந்து குடியேறுவது இமிக்ரேட். கோபியில் இருக்கும் உங்க அம்மாவுக்கு நீங்க எமிக்ரன்ட், இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு இமிக்ரன்ட். இலங்கைத் தமிழில் இதைக் குடியகல்வு, குடிவரவு என்று எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்க! அங்கே அரசுத் திணைக்களத்தின் பெயரிலேயே இரண்டும் உண்டு.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் கிளம்பும்போதும் 'இமிக்ரேஷன்' கவுண்டரில்தானே நின்றீங்க? எனக்கும் அதுதான் குழப்பியது. போகிறவர், வருகிறவர் இருவருக்கும் முத்திரை குத்துவது ஒரே துறை. அதனால் ஒரே பெயர்.

எமிக்ரேஷன் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது காங்கேயத்துச் சித்தப்பாவின் பாஸ்போர்ட்டில். அவர் பத்தாவது முடிக்கவில்லை. வளைகுடா வேலைக்குக் கிளம்பினபோது, 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு' என்று அதில் இருந்தது. அதிகம் படிக்காதவர்கள் வேலை என்று போய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வைக்கிறார்கள். அனுமதி வரும்வரை சித்தி சரியாகச் சாப்பிடவே இல்லை. ஊரை விட்டுப் போகிறவருக்கான பாதுகாப்பு அது, அதனால்தான் அங்கே எமிக்ரேஷன்.

எழுத்திலும் கவனம் வேணும். எமிக்ரேட்டுக்கு ஒரு 'எம்', இமிக்ரேட்டுக்கு இரண்டு. லத்தீனில் 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்', மகரத்துக்கு முன்னால் 'இம்' ஆகிவிட்டது. பெரும்பாலும் முதலாவதோடு 'ஃப்ரம்' சேரும், இரண்டாவதோடு 'டு'.

சரி, உங்க விண்ணப்பத்துக்கு வருவோம். இங்கே இறங்கும்போது நிரப்பிய அட்டையில் 'மைக்ரேட்டிங் பெர்மனன்ட்லி டு ஆஸ்திரேலியா' என்று ஒரு கட்டம் இருந்ததே, ஞாபகம் இருக்குங்களா? முன்னால் எதுவும் ஒட்டாத வெறும் மைக்ரேட். இந்த நாட்டில் பேச்சிலும் 'மைக்ரன்ட்' என்பதுதான் அதிகம். நீங்களும் 'மைக்ரேட்டட் ஃப்ரம் இந்தியா டு ஆஸ்திரேலியா' என்றே போடுங்க, யாருக்கும் உறுத்தாது. அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒருக்கா காட்டுங்க.