முழங்கால் ஜவ்வு கிழிந்த கூடைப்பந்து வீரர்களுக்கு: கேள்வி-பதில்

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லை. நேராக ஓடவும் முடிகிறது. அடுத்த மாதம் போட்டி. இறங்கலாமா?

இறங்காதீர்கள், தம்பி. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பெரும்பாலும் உங்கள் தசைநாண் ஒன்றையே, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தொடையின் பின்பக்கத்திலிருந்தோ எடுத்து வைத்திருப்பார்கள். வைத்த அன்றே அது ஜவ்வாகிவிடுவதில்லை. முதல் சில வாரங்களில் அதன் பலம் குறையவே செய்யும். அப்புறம் புது ரத்த நாளங்கள் உள்ளே வளர்ந்து, மெல்ல மெல்ல ஜவ்வின் தன்மைக்கு வரும். இந்த வேலை ஒரு வருடம் தாண்டியும் நடக்கும். இதில் எதுவும் வலியாக வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல்.

2016-ல் வெளியான டெலாவேர்-ஓஸ்லோ ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்தை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்காலில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் இருந்து போட்டிக்குத் திரும்புகிறவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு, அதே காலிலோ மற்ற காலிலோ மறுபடி ஜவ்வு கிழிகிறது. இதைப் படித்த பிறகும் ஒரு போட்டிக்காக அவசரப்பட எனக்கு மனம் வராது.

சரி, ஒன்பது மாதம் ஆனால் போதுமா? போதாது. தொடை முன்தசையின் பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக்கால் தாவலிலும் அதே கணக்கு. அதற்கும் மேல் நான் பார்ப்பது தரையிறங்கும் விதத்தை. உங்கள் பிசியோ அனுமதித்ததும், அவர் பக்கத்தில் நிற்க, ஒரு தாழ்வான பெட்டியிலிருந்து அடிபட்ட காலில் மட்டும் இறங்குங்கள். முன்னாலிருந்து ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், சில்லு கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்தால் பளிச்சென்று தெரியும்; அப்படிச் சாயக் கூடாது. நன்றாகக் களைத்த பிறகும் ஒருமுறை எடுங்கள். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் உங்கள் கால் எப்படி இறங்கும் என்பதை அந்த வீடியோதான் காட்டும்.

பயிற்சி செய்யும்போது ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் காலையில் முட்டி வீங்கிவிடுகிறது. ஏன்?

முந்தைய நாள் வேலை அதிகம் என்று முட்டி சொல்கிறது. காலையில் எழுந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, சில்லின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தொடை நோக்கி வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே வழியுங்கள். உள்பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பு எழும்பினால் மூட்டுக்குள் நீர் இருக்கிறது. அன்று தாவல் வேண்டாம். நீர் வடிந்த பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். முட்டி சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் இருந்தாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

என் நண்பனுக்கும் முட்டி ஆபரேஷன்தான். இரண்டே மாதத்தில் ஆட வந்துவிட்டான். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள்?

அவருக்கு மெனிஸ்கஸ் எனும் குருத்தெலும்பின் கிழிந்த ஓரத்தை வெட்டி எடுத்திருக்கலாம். அதற்குச் சில வாரங்கள் போதும். அதையே தையல் போட்டுச் சரிசெய்திருந்தால் நாலு முதல் ஆறு மாதம் ஆகும். உங்களுக்கு நடந்தது ஜவ்வு மாற்று. ஒப்பிடவே வேண்டாம்.

முட்டிக்கு பிரேஸ் (முட்டியைத் தாங்கும் கவசம்) போட்டுக்கொண்டு சீக்கிரம் ஆடலாமா?

பிரேஸ் மனத்துக்குத் தைரியம் தரும். தொடைத்தசை செய்ய வேண்டிய வேலையை அது செய்யாது.

என் மகளுக்குப் பதினேழு வயது. பத்து மாதமாகிறது, எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டாள். ஆனால் ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு) எகிறினால் நல்ல காலில் மட்டும்தான் இறங்குகிறாள். "சும்மா நடிக்கிறாள்" என்கிறார் கோச்.

அம்மா, உங்கள் மகள் நடிக்கவில்லை. ஏசிஎல் பெரும்பாலும் யாரும் மோதாமல், தரையிறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோதான் கிழிகிறது. அதே அசைவு வரும்போது உடம்பு தயங்குவது இயல்பு. இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே கேள்வித்தாள் இருக்கிறது. தசை பலத்தைப் போல இதையும் பிசியோ அளந்து பார்க்க வேண்டும்.

படிப்படியாகப் போகலாம். முதலில் யாரும் இல்லாமல், தானே பந்தைப் பலகையில் அடித்து, எகிறிப் பிடித்து, இரண்டு காலிலும் இறங்கட்டும். அப்புறம் ஒருவர் பக்கத்தில் சும்மா நிற்கட்டும். பிறகு அவரும் எகிறட்டும், கடைசியில் லேசாக இடிக்கட்டும். ஒரு படியில் தயக்கம் போன பிறகே அடுத்தது. கோச்சிடம் இதை நேரில் சொல்லுங்கள். அவர் வாயிலிருந்து வரும் ஒரு கேலி, வாரக்கணக்கான உழைப்பைக் கெடுத்துவிடும். ஏசிஎல் கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால், தரையிறங்குவதையும் திரும்புவதையும் பழக்கும் வார்ம்-அப் பயிற்சியை மொத்த அணிக்கும் அவர் கொடுத்தால் ரொம்ப நல்லது.

பழைய ஆட்டம் திரும்புமா? உண்மையைச் சொல்லுங்கள்.

பலருக்குத் திரும்புகிறது, எல்லோருக்கும் இல்லை. அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆடிய டெரிக் ரோஸுக்கு 2012 ஏப்ரலில் இடது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது. ஒரு சீசன் முழுக்க வெளியே இருந்துவிட்டு வந்தவருக்கு, 2013 நவம்பரில் வலது முழங்காலின் மெனிஸ்கஸ் கிழிந்தது. பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் 2018-ல் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார். அதே லீகில் டென்வர் அணிக்கு ஆடும் ஜமால் மரேக்கு 2021 ஏப்ரலில் ஏசிஎல் கிழிந்தது. அடுத்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2022 அக்டோபரில்தான் திரும்பினார். 2023-ல் டென்வர் பட்டம் வென்றபோது அணியின் தூண்களில் ஒருவர் அவர். ஒன்றரை வருடம் பொறுத்திருந்த அவரை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

உங்களுக்கு எது வாய்க்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் கால் ஆறும்வரை கை சும்மா இருக்க வேண்டியதில்லை. டாக்டர் அனுமதித்ததும் கூடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஷூட் பண்ணுங்கள். மணிக்கட்டும் முழங்கையும் மட்டும் வேலை செய்யட்டும். பந்தை எடுத்துக்கொடுக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எழுந்து ஓட வேண்டாம்.