சீசன் தொடங்கும் வரை மகன் காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் ஒரு ஐஸ் ஹாக்கி கிளப்பில் பிசியோதெரபிஸ்ட். கொரோனாவால் இந்த 2020 சீசன் தொடங்கவே இல்லை. “பொறும்மா, ஆரம்பிச்சிடும்” என்கிறான். இங்கே இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஊருக்கு வரச் சொல்லட்டுமா?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, சீசன் போனால் என்ன ஆகும் என்று நம் மலைக்காரர்களுக்குத் தெரியும். இந்த மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. வேன் ஓட்டுபவர், காட்டேஜ் நடத்துபவர், வர்க்கி போடுபவர் என எல்லோருக்கும் அடி. உங்கள் மகனின் கிளப்புக்கும் அதே நிலைதான்.

அமெரிக்கா, கனடாவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லுக்கு டிவி பணம் உண்டு. அதனால் டொரண்டோ, எட்மண்டன் என இரண்டே நகரங்களில் வீரர்களைத் தங்கவைத்து, ஆளில்லா அரங்கில் ஆடி முடித்துவிட்டார்கள். பிரிட்டனின் ஐஸ் ஹாக்கி லீக்கான எலீட் லீக்கின் கிளப்புகள் டிக்கெட் காசில் பிழைப்பவை. கேலரி காலியென்றால் கட்டுப்படியாகாது. செப்டம்பரில் சீசனைத் தள்ளிவைத்ததற்கு அதுவே காரணம்.

அங்கே வீரர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சீசன் ஒப்பந்தம்தான். வெளிநாட்டு வீரருக்கு வீடும் காரும்கூட கிளப் தருவது. ஆட்டம் இல்லையென்றால் அத்தனையும் கேள்விக்குறி. ஆனாலும் வீரருக்கு இன்னொரு நாட்டு லீக் கிடைக்கலாம். சம்பளத் தகராறில் என்.ஹெச்.எல்.லின் 2004-05 சீசன் முழுதாகப் போனபோது நூற்றுக்கணக்கானோர் ஐரோப்பாவுக்குப் போய் ஆடினார்கள். கிளப் ஊழியர்களுக்கு அந்த வழி இல்லை, பலர் வேலையிழந்தார்கள். உங்கள் பயம் நியாயமானது.

ஆனாலும் “வந்துவிடு” என்று இப்போதே சொல்லாதீர்கள். இரண்டு ஏக்கர் பச்சைத் தேயிலை உங்களைக் காப்பாற்றும். நாலரை வருஷம் படித்த படிப்புக்கு அது ஈடாகாது. “எப்போ ஆரம்பிக்கும்?” என்றும் கேட்காதீர்கள், அது கிளப் முதலாளிக்கே தெரியாது. சம்பளப் பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். விசா கிளப் ஸ்பான்சர் செய்ததா? அப்படியானால் வேலை போனதும் பொதுவாக 60 நாள்தான் அவகாசம் தருவார்கள். அதற்குள் வேறு ஸ்பான்சர் வேண்டும். பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்க அந்த நாட்டுப் பதிவு கையில் இருந்தால் மருத்துவமனைகளுக்கு இன்றே விண்ணப்பிக்கட்டும், கிளப் கைவிடும்வரை காத்திருக்க வேண்டாம்.

தீபாவளி வரை பாருங்கள். அதற்குள் கிளப்பிலிருந்து எழுத்தில் ஒன்றும் வராமல், வேறு வேலையும் அமையாவிட்டால் டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

இன்றிரவு பேசும்போது, அறை வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் அம்மாவிடம் மறைப்பது அதைத்தான்.